பழைய வின்செஸ்டர் ரைஃபிள ரோடு ட்ரிப்ல ரெஸ்டோர் பண்ணக் குடுக்கலாமா, பார்சல்ல அனுப்பலாமா, இல்ல அப்படியே விட்டுடலாமா?

மே, ஜூன் மாசம் வந்தாலே இந்தக் கேள்வி யாராவது ஒருத்தர்கிட்ட இருந்து வந்துடுது. கேக்கறவர் அமெரிக்கால செட்டில் ஆனவரா இருப்பார், மான் வேட்டை சீசனுக்கு போற பழக்கம் இருக்கும், ரிட்டயர் ஆன ஆபீஸ் நண்பர் குடுத்ததோ எஸ்டேட் சேல்ல வாங்கினதோ ஒரு வின்செஸ்டர் 94 இல்லன்னா ஒரு சாவேஜ் 99 வீட்ல இருக்கும், ப்ளூயிங் (இரும்பு மேல இருக்கற கருநீல ஃபினிஷ்) தேஞ்சு பழுப்பா போயிருக்கும், கட்டைல, அதாவது மர பாகத்துல, நாலு கீறல், ஒரு பள்ளம். லீவு விட்டதும் குடும்பத்தோட யெல்லோஸ்டோனுக்கோ நயாகராவுக்கோ கார்ல கிளம்பறாங்க, போற வழில துப்பாக்கி ரிப்பேர் பண்றதுல பேர் எடுத்த கன்ஸ்மித் ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு திரும்பி வரும்போது வாங்கிட்டு வந்துடலாமான்னு கேக்கறாங்க.

என் கருத்த முதல்லயே சொல்லிடறேன். ரைஃபிள நம்ம கையாலயே கொண்டு போயி, வேலை செய்யப்போற ஆள நேர்ல பாத்து, அத மேஜைல வச்சு ரெண்டு பேரும் சேந்து பாத்து பேசறதுக்கு ரோடு ட்ரிப்ப விட நல்ல வாய்ப்பு கிடையாது. ஆனா அதே ட்ரிப்ல வேலை முடிஞ்சு கைக்கு வரும்னு கணக்குப் போட்டா தொண்ணூறு சதவீதம் அது நடக்காது, நடக்க வச்சா ரைஃபிள் கெடும். இதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி இருக்கு, அந்த ரைஃபிளுக்கு ரெஸ்டரேஷன் வேணுமா வேண்டாமாங்கறது. நிறைய பேர் அத யோசிக்காமலே கடை தேட ஆரம்பிச்சுடறாங்க.

## விசால இருக்கறவங்க இத முதல்ல படிங்க

எச்-1பி, எல்-1, எஃப்-1 மாதிரி நான்-இமிக்ரன்ட் விசால இருக்கறவங்க துப்பாக்கி வச்சிருக்கறதே ஃபெடரல் சட்டப்படி தப்பு, விதிவிலக்குல வந்தா மட்டும்தான் வச்சுக்கலாம். நம்ம ஆளுங்களுக்கு பொதுவா பொருந்தற விதிவிலக்கு, ஏதாவது ஒரு மாநிலத்தோட செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ். லைசென்ஸ் காலாவதி ஆகிடுச்சுன்னா விதிவிலக்கும் போச்சு. ரைஃபிள் எட்டு மாசம் கன்ஸ்மித் கடைல இருக்கு, நடுவுல லைசென்ஸ் முடிஞ்சுடுச்சு, நீங்க வாங்கப் போறீங்க, அப்ப அது சின்ன விஷயமே இல்ல, கிரீன் கார்டு கனவையே பாதிக்கும். அதனால விசால இருக்கறவங்க இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறமா மீதிய யோசிங்க. கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் இருக்கறவங்களுக்கு இந்தத் தடை இல்ல.

## எதையெல்லாம் வச்சு முடிவு பண்ணணும்

ரைஃபிளோட ஒரிஜினல் நிலைமை. மத்த எல்லாத்தையும் விட இதுக்குத்தான் அதிக வெயிட் குடுக்கணும். பழைய ரைஃபிள் சேகரிக்கறவங்க பாக்கறது ஃபேக்டரி ஃபினிஷ். எவ்வளவு தேஞ்சிருந்தாலும் அது ஒரிஜினலா இருந்தா ஒரு மதிப்பு, பளபளன்னு புதுசா ப்ளூ போட்டா அந்த மதிப்பு பெரிய அளவுல இறங்கிடும். வின்செஸ்டர்ல 1964 ஒரு கோடு. அதுக்கு முன்னாடி வந்ததுல மெஷின் பண்ணின பாகங்கள் இருக்கும், 1964ல செலவக் குறைக்க டிசைன மாத்தினாங்க, அதனாலதான் ஆளுங்க ப்ரீ-64, போஸ்ட்-64ன்னு பிரிச்சுப் பேசறாங்க. மாடல் 94 மொத்தம் 70 லட்சத்துக்கு மேல செஞ்சிருக்காங்க, அதனால 94ன்னாலே அபூர்வம்னு நினைக்காதீங்க, அதே சமயம் சாதாரணம்தானேன்னு பஃபிங் வீல்ல, அதாவது சுத்தற பாலிஷ் சக்கரத்துல, கொண்டு போயும் வைக்காதீங்க. சீரியல் நம்பர், பேரல்ல (குழல்ல) இருக்கற எழுத்து, எந்தத் தோட்டா, இது மூணையும் எழுதி வச்சுட்டு ஆரம்பிங்க.

எந்த வேலை, அதுக்கு எவ்வளவு காலம். ரெஸ்டரேஷன்னு ஒரே வார்த்தைல சொல்றோம், உள்ள பத்து வேலை இருக்கு. ஸ்ப்ரிங் மாத்தறது, சைட் (குறி பாக்கற பாகம்) சரி பண்றது, ஹெட்ஸ்பேஸ் (தோட்டா உள்ள உக்கார்றப்ப இருக்கற இடைவெளி) செக் பண்றது எல்லாம் உக்காந்து இருக்கும்போதே முடியற வேலை. ஹாட் ப்ளூயிங் கொதிக்கற காஸ்டிக் உப்புத் தொட்டில போடறது, தொட்டி வேலை ஒரு மணி நேரத்துக்குள்ள முடியும், ஆனா அதுக்கு முன்னாடி பாலிஷ் பண்றதுதான் நாள் கணக்குல போகும். ரஸ்ட் ப்ளூயிங் வேற மாதிரி, துரு பிடிக்க வச்சு, கொதிக்கற தண்ணில போட்டு, அந்தப் பொடியத் தேச்சு எடுத்து, திரும்ப துரு பிடிக்க வச்சு, இப்படி பல சுத்து, அவசரப்படுத்தவே முடியாது. வின்செஸ்டர் 1930கள் கடைசி வரைக்கும் பேரலுக்கு ரஸ்ட் ப்ளூதான் போட்டாங்க, அதனால அந்தக் காலத்து ரைஃபிள ஹாட் ப்ளூல போட்டா பாக்கத் தெரிஞ்சவனுக்கு பத்தடி தூரத்துலயே தெரிஞ்சுடும். கட்டைக்கு கையால எண்ணெய் ஃபினிஷ் குடுக்கறதும் அப்படித்தான், ஒவ்வொரு கோட்டும் காயணும். கேஸ் கலர்னு சொல்ற அந்த நீலம் பழுப்பு சாம்பல் கலந்த மார்பிள் நிறம், எலும்புக் கரியும் மரக்கரியும் சேத்து பெட்டில அடைச்சு சிவக்கக் காய்ச்சி தண்ணில குளிப்பாட்டி வர்றது, சரியா செய்யலன்னா ரிசீவர் (இயக்கம் உள்ள இருக்கற நடு இரும்புப் பாகம்) வளைஞ்சுடும், அத செய்யறவங்க நாட்டுலயே கொஞ்சம் பேர்தான்.

போற பாதை. எந்தெந்த மாநிலம் வழியா போறீங்க, எங்க ராத்திரி தங்கறீங்க, கனடா பார்டர் தாண்டறீங்களா.

மொத்தச் செலவு. கன்ஸ்மித் சொல்ற ரேட் அதுல பாதிதான், மீதிய கீழ ஒவ்வொண்ணுலயும் சொல்றேன்.

திரும்பி வாங்கப் போறது யாரு. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ரிப்பேருக்குக் குடுத்த ரைஃபிள குடுத்த ஆள்கிட்டயே கன்ஸ்மித் திருப்பிக் குடுக்கும்போது 4473ங்கற துப்பாக்கி வாங்கற ஃபார்மோ பேக்ரவுண்ட் செக்கோ ஃபெடரல் சட்டத்துல தேவையில்ல, நீங்க வேற மாநிலமா இருந்தாலும் சரி. ஆனா உங்களுக்கு பதிலா மச்சானோ நண்பரோ போயி வாங்கினா அது வேற கணக்கு, ஃபார்ம் நிரப்பி செக் எல்லாம் வரும். அதனால குடுக்கறவரே வாங்கற மாதிரி பிளான் பண்ணுங்க.

## வழி 1: ஃபினிஷத் தொடாம சுத்தம் மட்டும்

எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி இதுதான், நிறைய ரைஃபிளுக்கு இதுவே போதும்னு நம்பறேன். ஒரு எண்பது தொண்ணூறு வருஷ ரைஃபிள்ல கை பட்ட இடமெல்லாம் ப்ளூ தேஞ்சு சாம்பல் நிறம் ஆகியிருக்கும், ஒருத்தர் அத எப்படித் தூக்கிட்டு நடந்தார்னு அந்தத் தேய்மானத்த வச்சே சொல்லிடலாம். அது சேதமே இல்ல. மேல இருக்கற சிவப்புத் துருவ நாலு ஸீரோ ஸ்டீல் வுல்லும் மெஷின் ஆயிலும் வச்சு மெதுவா எடுக்கலாம், அழுத்தாதீங்க, நிறம் மாறுதான்னு ஒவ்வொரு நிமிஷமும் பாத்துக்கிட்டே செய்யுங்க. கட்டைல இருக்கற பள்ளத்த ஈரத் துணி வச்சு அயர்ன் பாக்ஸ் சூட்டுல ஆவி பிடிச்சா நார் உப்பி மேல வந்துடும், சாண்ட்பேப்பர் தேவையே இல்ல. சாண்ட்பேப்பர் போட்டா கட்டை இரும்ப விடக் கீழ இறங்கிடும், அதுக்கப்புறம் அத ஏத்த வழி கிடையாது.

1920, 30கள்ல வந்த சில வின்செஸ்டர் ரிசீவர்ல ப்ளூ செதில் செதிலா உரிஞ்சு போயிருக்கும், அந்தக் கால நிக்கல் ஸ்டீலோட குணம் அது, யாரோ கெடுத்துட்டாங்கன்னு நினைச்சு அவசரமா ரீஃபினிஷுக்குக் குடுத்துடாதீங்க. அதே மாதிரி கடைல பாட்டில்ல விக்கற, சூடு பண்ணாம தடவற கோல்ட் ப்ளூ, ஒரு ஸ்க்ரூ தலைக்கு ஓகே, ரிசீவர் முழுக்கப் பூசினா திட்டுத் திட்டா தெரியும், சீக்கிரமே தேஞ்சும் போகும்.

செலவுன்னா எண்ணெய், ஸ்டீல் வுல், பழைய ஸ்க்ரூவுக்கு சரியா உக்கார்ற ஹாலோ கிரவுண்ட் ஸ்க்ரூட்ரைவர் செட், அவ்வளவுதான். அந்த செட்ட மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க, டூல்பாக்ஸ்ல கிடக்கற சாதா ஸ்க்ரூட்ரைவரால கிழிஞ்ச ஸ்லாட்டுதான் பழைய ரைஃபிள்ல கண்ணுல படற முதல் அசிங்கம். இந்த வழி எப்ப போதாதுன்னா, யாரோ ஏற்கனவே மோசமா ரீஃபினிஷ் பண்ணி ஒரிஜினல் போயிருந்தா, துரு குழி விழுந்து உள்ள போயிட்டே இருந்தா, கட்டை கழுத்துல, அதாவது கை பிடிக்கற ஒல்லியான இடத்துல, விரிசல் இருந்தா. சுடணும்னா மட்டும் சுத்தம் பத்தாது, ஹெட்ஸ்பேஸும் பேரல் உள்பக்கமும் தெரிஞ்ச ஒருத்தர் பாத்தே ஆகணும்.

## வழி 2: ஊர்லயே இருக்கற கன்ஸ்மித்

நன்மை ஒண்ணே ஒண்ணு, ஆனா பெருசு. திரும்பத் திரும்ப போய்ப் பாக்கலாம். பாலிஷ் முடிஞ்சதும் கூப்பிடுங்க, பாத்துட்டு ப்ளூ போடலாம்னு சொல்ல முடியும்.

பிரச்சனை என்னன்னா இன்னைக்கு நிறைய கடைல தினசரி வேலை ஏஆர் மாதிரி இந்தக் காலத்து ரைஃபிள் அசெம்பிள் பண்றது, ஸ்கோப் மாட்டறது, செராகோட்ங்கற பூச்சு அடிக்கறது. அதுல அவங்க கெட்டிக்காரங்க, அது வேற கை. பழைய ரைஃபிள பஃபிங் வீல்ல வச்சா கூர்மையா இருக்க வேண்டிய விளிம்பு மழுங்கும், ஸ்க்ரூ ஓட்டை சுத்தி கிண்ணம் மாதிரி குழியும், பேரல்ல அடிச்சிருக்கற வின்செஸ்டர் எழுத்து மங்கிடும். துருவ விட மோசமான இழப்பு இது, ஏன்னா போன இரும்பு திரும்ப வராது. அதனால கடைக்குப் போனா ரேட்ட அப்புறம் கேளுங்க, நீங்க ப்ளூ பண்ணின பழைய ரைஃபிள் ஒண்ணு காட்டுங்கன்னு முதல்ல கேளுங்க, ஸ்க்ரூ ஓட்டையும் எழுத்தும் எப்படி இருக்குன்னு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, ப்ளூயிங் இவரே பண்றாரா வெளிய அனுப்பறாரான்னும் கேளுங்க.

டபுள் பேரல் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பேரல் ரெண்டையும் ரிப்புங்கற நடுப் பட்டையோட சேத்து ஈயப் பத்து வச்சிருப்பாங்க, ஹாட் ப்ளூ தொட்டில இருக்கற காஸ்டிக் உப்பு அந்தப் பத்துக்குள்ள புகுந்து அரிச்சு பிரிச்சுடும். அதுக்கு ரஸ்ட் ப்ளூ மட்டும்தான். இத நீங்க சொல்றதுக்கு முன்னாடி அவரே சொன்னா அவர் வேலை தெரிஞ்சவர்.

போஸ்ட்-64ல ஆரம்ப வருஷங்கள்ல வந்த வின்செஸ்டர் 94 ரிசீவருக்கு வேற சிக்கல், அந்த இரும்பு சாதாரண ஹாட் ப்ளூ உப்புல ஒழுங்கா நிறம் ஏத்துக்காது. இதையும் கேட்டுப் பாருங்க, பதில்லயே ஆள் தெரிஞ்சுடுவார்.

## வழி 3: ரோடு ட்ரிப்ல நேர்ல கொண்டு போயி குடுக்கறது

கேள்வியே இதப் பத்திங்கறதால கொஞ்சம் விரிவா சொல்றேன். இதுக்குள்ளயே மூணு தினுசு இருக்கு, அதப் பிரிச்சுப் பாத்தா பாதி குழப்பம் தீரும்.

போற வழில நிறுத்தி காட்டறது, சின்ன வேலைய அப்பவே முடிச்சுக்கறது. ஹெட்ஸ்பேஸ் பாக்கறது, தொலைஞ்ச சைட் மாட்டறது, ஸ்ப்ரிங் மாத்தறது இதெல்லாம். அன்னைக்கே முடிச்சுக் குடுத்துட்டா கன்ஸ்மித் தன்னோட ரெஜிஸ்டர்ல கூட ஏத்த வேண்டியதில்ல, ராத்திரி கடைல தங்கினாதான் ஏத்தணும். முன்கூட்டியே போன் பண்ணி அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டுப் போனா இது அருமையா நடக்கும்.

போகும்போது குடுத்து வரும்போது வாங்கறது. எல்லாரும் ஆசைப்படறது இதுக்குத்தான், நான் வேண்டாம்னு சொல்றதும் இதத்தான். நல்ல கன்ஸ்மித் மேஜைல உங்களுக்கு முன்னாடி வந்தவங்க ரைஃபிள் வரிசையா இருக்கும், முழு ரெஸ்டரேஷன்னா மாசக்கணக்கு, பெரிய கடைன்னா ஒரு வருஷம் கூட சாதாரணம். ரெண்டு வாரத்துல தர்றேன்னு ஒருத்தர் ஈசியா ஒத்துக்கறார்னா அவர் எந்தப் படிய விடப்போறார்னு யோசிங்க, பெரும்பாலும் அது கையால பண்ற பாலிஷா இருக்கும். கட்டைல ஒரு விரிசல ஒட்டறது, ஒரு ஸ்க்ரூ புதுசா செய்யறது மாதிரி அளவான வேலைக்கு, அதுவும் நீங்க திரும்பி அதே பாதைல வர்றது உறுதின்னா, சரி.

நேர்ல குடுத்துட்டு, முடிஞ்சதும் வீட்டுக்கு அனுப்பச் சொல்றது. பெரிய வேலைக்கு இதுதான் என்னோட முதல் சாய்ஸ். போற பார்சல் ரிஸ்க் இல்ல, ஆள நேர்ல பாத்தாச்சு, பேசியாச்சு, வேலைக்கும் அவசரம் இல்ல. ரிப்பேர் பண்ணின ரைஃபிள கன்ஸ்மித் நேரா உங்க அட்ரஸுக்கே வேற மாநிலத்துக்கும் அனுப்பலாம், நடுவுல லோக்கல் டீலர் தேவையில்ல, ஃபெடரல் விதி அத அனுமதிக்குது. உங்க மாநிலத்துல கூடுதல் விதி இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. பார்சல் வர்ற அன்னைக்கு பெரியவங்க யாராவது வீட்ல இருந்து கையெழுத்து போடணும், அது உங்க பேர்ல வர்றதால நீங்களே இருந்தா நல்லது.

இப்ப கார்ல கொண்டு போற விஷயம். 1986ல வந்த ஃபெடரல் சட்டம் ஒண்ணு, நீங்க சட்டப்படி வச்சுக்கக்கூடிய இடத்துல இருந்து சட்டப்படி வச்சுக்கக்கூடிய இன்னொரு இடத்துக்குப் போறப்ப நடுவுல இருக்கற மாநிலங்கள்ல பாதுகாப்பு குடுக்குது. ரைஃபிள் லோடு ஆகாம இருக்கணும், ரைஃபிளும் தோட்டாவும் உக்காந்திருக்கற இடத்துல இருந்து கைக்கு எட்டக் கூடாது. தனி டிக்கி இல்லாத வண்டின்னா பூட்டின பெட்டில இருக்கணும், க்ளோவ் பாக்ஸும் நடு கன்சோலும் கணக்குல வராது. நம்ம குடும்பங்கள்ல பாதிக்கு மேல மினிவேன், எஸ்யூவிதான், அதனால பூட்டற ஹார்டு கேஸ் கண்டிப்பா வாங்கியே ஆகணும். அந்தச் சட்டம் கடந்து போறவங்களுக்குத்தான், நடுவுல ஒரு மாநிலத்துல சொந்தக்காரங்க வீட்ல நாலு நாள் தங்கினா அது கடந்து போறது ஆகாது. நியூஜெர்சி, மாசசூசெட்ஸ், நியூயார்க் சிட்டி இங்க எல்லாம் ரைஃபிளுக்கே லைசென்ஸ் கேப்பாங்க, அந்தப் பக்கம் தங்கற பிளான் இருந்தா ரைஃபிள எடுத்துட்டுப் போகவே வேண்டாம்.

நயாகரா போறவங்களுக்கு இன்னும் முக்கியம். நியூயார்க் மாநிலத்துல ரோசஸ்டருக்கு தென்கிழக்குல ப்ளூம்ஃபீல்டுல டர்ன்புல் ரெஸ்டரேஷன் இருக்கு, கேஸ் கலருக்கும் பழைய கால ஃபினிஷுக்கும் பேர் எடுத்த இடம், நயாகரா ட்ரிப்போட சேக்கறதுக்கு பாதை சரியாத்தான் இருக்கு. ஆனா ஃபால்ஸ் வந்ததும் கனடா பக்கம் நல்லா தெரியும்னு எல்லாரும் பாலத்த தாண்டிப் போவாங்க, டிக்கில ரைஃபிள் இருக்கறது மறந்தே போயிருக்கும். கனடா பார்டர்ல அத கட்டாயம் சொல்லணும், வெளிநாட்டவருக்கான டிக்ளரேஷன் ஃபார்ம், ஃபீஸ், எதுக்குக் கொண்டு வர்றீங்கங்கற காரணம் எல்லாம் வேணும். சொல்லாம போனா குற்றம். அதனால வரிசைய இப்படி வைங்க, முதல்ல கடைல குடுத்துடுங்க, அப்புறம் ஃபால்ஸ், வெறும் கார்ல பார்டர்.

யெல்லோஸ்டோன் பக்கம் போறவங்களுக்கு நான் வற்புறுத்தி சொல்றது கோடி (Cody)ங்கற ஊர். பார்க்கோட கிழக்கு வாசல்ல இருந்து சுமார் 50 மைல், வயோமிங்ல இருக்கு. அங்க பஃபலோ பில் சென்டர்ல ஃபயர்ஆர்ம்ஸ் மியூசியம் இருக்கு, 2019ல புதுப்பிச்சு திறந்தாங்க. உங்ககிட்ட இருக்கற அதே மாடல் நல்ல நிலைமைல எப்படி இருக்கும், ஒரிஜினல் ப்ளூ எந்த நிறம், கட்டை எவ்வளவு மங்கலா பளபளக்கும், இதெல்லாம் கண்ணால பாத்துட்டு வந்தா கன்ஸ்மித்கிட்ட பேசற பேச்சே மாறிடும். அதே சென்டர்ல இருக்கற ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் வின்செஸ்டர், மார்லின் கம்பெனிகளோட பழைய ஃபேக்டரி பதிவேடு வச்சிருக்கு, சீரியல் நம்பர் குடுத்தா அந்த ரைஃபிள் எந்தத் தோட்டா, என்ன பேரல், எப்ப கிடங்க விட்டுப் போச்சுன்னு லெட்டர் தருவாங்க. 94 மாடலுக்கு சீரியல் நம்பர் சுமார் மூணரை லட்சம் வரைக்கும்தான் பதிவேடு இருக்கு, அதாவது 1894ல இருந்து 1900கள் ஆரம்பம் வரைக்கும் வந்த ரைஃபிள்கள். உங்களுது அதுக்குள்ள வந்தா ரெஸ்டரேஷன் முடிவுக்கு முன்னாடி அந்த லெட்டர வாங்கியே ஆகணும்ங்கறது என் பிடிவாதம், ஏன்னா எந்த நிலைமைக்குத் திருப்பறோம்னு தெரியாம திருப்பினா அது புது ரைஃபிள் செஞ்ச மாதிரிதான். லெட்டருக்கு நேர்ல போகணும்னு இல்ல, தூரத்துல இருந்தும் வாங்கலாம். மியூசியத்துக்குள்ள ரைஃபிளத் தூக்கிட்டுப் போக வேண்டாம், நம்பரும் போட்டோவும் போதும்.

பார்க்குக்குள்ள வண்டில துப்பாக்கி இருக்கறது 2010 பிப்ரவரில இருந்து அந்தந்த மாநிலச் சட்டப்படி சரி, ஆனா விசிட்டர் சென்டர் மாதிரி ஃபெடரல் கட்டடத்துக்குள்ள கொண்டு போகக் கூடாது, சுடறதும் கூடாது.

தெற்குல ஐ-25 ஹைவேல போறவங்களுக்கு கொலராடோல டிரினிடாட் ஊர் வழில வரும், அங்க இருக்கற காலேஜ்ல 1947ல இருந்து கன்ஸ்மித்திங் சொல்லிக் குடுக்கறாங்க. அங்க படிச்சவங்க நாடு முழுக்க கடை வச்சிருக்காங்க, எங்க படிச்சீங்கன்னு கன்ஸ்மித்கிட்ட கேக்கும்போது இந்தப் பேர் காதுல விழும்.

மறைஞ்சிருக்கற செலவுக்கு வர்றேன். சுத்திப் போற மைல், கடை திறக்கற நேரத்துக்காக ஒரு ராத்திரி கூடுதலா மோட்டல், குழந்தைங்க பொறுமை. மோட்டல் பார்க்கிங்ல கார உடைச்சு துப்பாக்கி எடுக்கறது அமெரிக்கால சாதாரணமா நடக்கற திருட்டு, அதனால ராத்திரி ரூமுக்கு எடுத்துட்டுப் போகணும், சில ஹோட்டல்ல துப்பாக்கி கூடாதுன்னு விதி இருக்கும், புக் பண்ணும்போதே கேட்டுக்கோங்க. வீட்டு இன்சூரன்ஸ்ல துப்பாக்கி திருட்டுக்கு தனி உச்சவரம்பு இருக்கும், நிறைய பாலிசில 2,500 டாலர், அதுக்கு மேல மதிப்புன்னா தனியா சேக்கணும். இன்னொண்ணு, ஸ்பாஞ்ச் வச்ச கேஸ் ஈரத்தப் பிடிச்சு வச்சுக்கும், ஹூஸ்டன் மாதிரி புழுக்கமான ஊர்ல மூடி காருல வச்சு நாள்கணக்குல திறக்காம இருந்தா ரெஸ்டோர் பண்ணக் கொண்டு போற ரைஃபிள்லயே புதுத் துரு வரும். எண்ணெய் தடவி சிலிக்கா பை போட்டு தினம் ஒரு தடவை திறந்து பாருங்க.

## வழி 4: வீட்ல இருந்தே ஸ்பெஷலிஸ்டுக்கு அனுப்பறது

லைசென்ஸ் இல்லாத சாதாரண ஆள் ரைஃபிள லைசென்ஸ் வச்சிருக்கற கன்ஸ்மித்துக்கு வேற மாநிலமா இருந்தாலும் ரிப்பேருக்கு அனுப்பறது ஃபெடரல் சட்டத்துல சரி, ரைஃபிளும் ஷாட்கன்னும் தபால்லயே அப்படி அனுப்பலாம். லோடு ஆகாம இருக்கணும், பெட்டி மேல உள்ள என்ன இருக்குன்னு தெரியற மாதிரி எதுவும் எழுதக் கூடாது. தனியார் கூரியர்ல சாதாரண ஆளுங்ககிட்ட வாங்க மாட்டேங்கறாங்க, அப்ப லோக்கல் டீலர் மூலமா அனுப்பணும், அவருக்கு ஒரு ஃபீஸ். கடைக்கு போன் பண்ணினா எப்படி அனுப்பணும்னு அவங்களே தெளிவா சொல்லிடுவாங்க.

ரிஸ்க் கட்டையோட கழுத்துல இருக்கு. பழைய வால்நட் கட்டை அங்க ஒல்லியா இருக்கும், பெட்டி ஒரு தடவை செங்குத்தா விழுந்தா போதும், ஒடிஞ்சுடும். கழட்டத் தெரிஞ்சா கட்டையையும் இரும்பையும் தனித்தனியா சுத்தி ஒரே பெட்டில வைங்க. இன்சூரன்ஸ் க்ளைம்னு வந்தா மதிப்புக்கு ஆதாரம் கேப்பாங்க, எழுத்துல ஒரு அப்ரைசல் முன்னாடியே இருக்கட்டும்.

நிறைய பேருக்குத் தோணாத ஒரு சுலபம் இதுல இருக்கு. சட்டத்துக்கு ரிசீவர்தான் துப்பாக்கி. கட்டை மட்டும்தான் ரிப்பேர்னா கட்டைய மட்டும் கழட்டி சாதாரண பார்சல்ல அனுப்பலாம், ரைஃபிள் வீட்லயே பத்திரமா இருக்கும், ரோடு ட்ரிப், பூட்டு, பார்டர் எந்தத் தலைவலியும் இல்ல. ஆனா இரும்போட ஒட்டி உக்கார வைக்க வேண்டிய வேலைன்னா கட்டை மட்டும் பத்தாது, ரைஃபிளும் அவர் கைல இருக்கணும்.

## ஒரே பார்வைல

| வழி | காலம் | ஒரிஜினலுக்கு ஆபத்து | கண்ணுக்குத் தெரியாத செலவு | எப்ப சரி |
|---|---|---|---|---|
| சுத்தம் மட்டும் | ஒரு வீக்எண்ட் | ரொம்பக் கம்மி | நல்ல ஸ்க்ரூட்ரைவர் செட் | ஒரிஜினல் ஃபினிஷ் கொஞ்சமாவது மிச்சம் இருந்தா |
| ஊர் கன்ஸ்மித் | வாரம், மாசம் | ஆளப் பொறுத்தது | தப்பா பாலிஷ் பண்ணினா போற மதிப்பு | இயக்க ரிப்பேர், போஸ்ட்-64 வேட்டை ரைஃபிள் |
| ட்ரிப்ல காட்டி உடனே வாங்கறது | அன்னைக்கே | கம்மி | சுத்துப் பாதை, ஒரு ராத்திரி தங்கல் | ஹெட்ஸ்பேஸ், சைட், கருத்து கேக்க |
| ட்ரிப்ல குடுத்து திரும்பும்போது வாங்கறது | ரெண்டு மூணு வாரம் | அவசரத்தால அதிகம் | முடியலன்னா இன்னொரு ட்ரிப் | சின்ன கட்டை வேலை |
| ட்ரிப்ல குடுத்து வீட்டுக்கு வரவழைக்கறது | மாசக்கணக்கு | நல்ல கைன்னா கம்மி | ஒரு பக்க பார்சல், இன்சூரன்ஸ் | முழு ரெஸ்டரேஷன் |
| வீட்ல இருந்தே அனுப்பறது | மாசக்கணக்கு | பார்சல்ல கட்டை ஒடியற ரிஸ்க் | டீலர் ஃபீஸ், ரெண்டு பக்க பார்சல் | பாதைல கஷ்டமான மாநிலம் இருந்தா |

## உங்க ரைஃபிளுக்கு எது

ப்ரீ-64 வின்செஸ்டர், ப்ளூ பாதிக்கு மேல இருக்குன்னா வழி 1. யார் என்ன சொன்னாலும் ரீஃபினிஷ் பண்ணாதீங்க.

யாரோ முப்பது வருஷம் முன்னாடி பஃப் பண்ணி கறுப்பா ஹாட் ப்ளூ போட்ட பழைய 94, இல்லன்னா குழி விழுந்த மார்லின் 1893, அத அந்தக் காலத்து நிலைமைக்கு கொண்டு வரணும், காசும் இருக்குன்னா ஸ்பெஷலிஸ்டுதான். பாதை ஒத்து வந்தா நேர்ல குடுத்துட்டு வாங்க, வேலை முடிஞ்சு அனுப்பட்டும். இது பல ஆயிரம் டாலர் வேலை, ரைஃபிளோட விலைய விட கூட போகலாம், வித்து லாபம் பாக்கலாம்னு நினைச்சு இறங்காதீங்க. குடுத்தவரோட நினைவுக்காக, வாழ்நாள் முழுக்க வச்சுக்கப் போறேன்னு தோணினா அந்தக் காசு நியாயம்.

போஸ்ட்-64 94, வருஷம் ஒரு வாரம் காட்டுக்கு எடுத்துட்டுப் போறதுன்னா ஊர் கன்ஸ்மித்கிட்ட இயக்கத்த மட்டும் சரி பண்ணிட்டு சந்தோஷமா பயன்படுத்துங்க. சாவேஜ் 99ல கொஞ்சம் கவனம், அதோட ரோட்டரி மேகசின் உள்ள ஸ்ப்ரிங் டென்ஷன் இருக்கு, அதக் கழட்டிப் பழக்கம் இருக்கற ஆளத் தேடுங்க, சுத்தம் பண்றேன்னு வீட்ல முழுசா பிரிக்க வேண்டாம்.

எந்தக் கடைல குடுத்தாலும் வேலை விவரம் எழுத்துல வேணும். சீரியல் நம்பர், எந்தப் பாகத்துக்கு எந்த ஃபினிஷ், எழுத்து இருக்கற இடத்துல பஃபிங் வீல் படக் கூடாது, கட்டைய இரும்பு மட்டத்துக்குக் கீழ இறக்கக் கூடாது, கழட்டின பழைய பாகம் ஒரு ஸ்க்ரூ விடாம திருப்பித் தரணும், ரேட் கூடினா தொடங்கறதுக்கு முன்னாடி போன் பண்ணணும், யார் பேருக்கு எந்த அட்ரஸுக்கு அனுப்பணும். கடை கவுன்டர்லயே நல்ல வெளிச்சத்துல ரெண்டு பக்கமும், பேரல் எழுத்தும், ஒவ்வொரு ஸ்க்ரூ தலையும் போட்டோ எடுத்துக்கோங்க, அவர் முன்னாடியே எடுங்க, நல்ல கன்ஸ்மித் அதுக்குக் கோவிச்சுக்க மாட்டார், லைட்ட கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி வச்சுத் தருவார்.